கைபட்ட கல் ஜாடி: கலைந்த எகிப்தியக் கல்லறைப் பாத்திரத்தைப் பரிசோதிக்கும் முறை

முத்திரை உடையாத பாத்திரத்தை எப்படிக் கையாள்வது என்று சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அப்படிப்பட்ட பாத்திரம் ஓர் ஆய்வாளரின் மேசைக்கு வருவது அபூர்வம். எகிப்தின் பெருங்கல்லறைகளில் மிகப் பெரும்பாலானவை பழங்காலத்திலேயே திறக்கப்பட்டவை. ஆகவே நடைமுறையில் உங்கள் முன் வரப்போவது மூடி போய், விளிம்பு பெயர்ந்து, உள்ளே கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாடிதான்.

அகழாய்வுக் குறிப்பேடுகளில் இதற்கு 'கலைந்தது' என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். பரிசோதகருக்கு அது போதாது. யார் கலைத்தது, எதற்காக, எத்தனை முறை, எந்த வரிசையில் என்று அவர் கேட்டாக வேண்டும். ஐயத்துக்குரியவர்கள் நிறைய: பழங்காலத் திருடன், அவனுக்குப்பின் வந்து அள்ளிப்போட்டு ஒழுங்குபடுத்திய அதிகாரி, வெள்ளம், இடிந்து விழுந்த கூரை, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புதையல் வேட்டைக்காரர், வியாபாரி, ஒட்டுவேலைக்காரர், கடைசியாக அதைக் கழுவித் துடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த அருங்காட்சியகம். இவர்களில் தடயத்தை மிகுதியாக அழித்தவர்கள் பழங்காலத் திருடர்கள் அல்ல. பட்டியலின் பிற்பாதியில் இருப்பவர்கள்தான் என்பது என் கருத்து.

துணையறையின் ஜாடிகள்

1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த துட்டன்காமன் கல்லறை யார் கையும் படாதது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். உண்மையில் மன்னனை அடக்கம் செய்த சில காலத்துக்குள்ளேயே குறைந்தது இரண்டு முறை அதற்குள் திருடர்கள் போயிருக்கிறார்கள். முதலில் வந்தவர்கள் உலோகத்தைத் தேடினார்கள் என்பது கார்ட்டரின் கணிப்பு. அதன்பின் நுழைவு நடையைக் கல்லும் சல்லியும் கொட்டி நிரப்பி அடைத்தார்கள். அடுத்த கும்பல் அந்தச் சல்லியின் மேல் இடது மூலையில் பொந்து தோண்டி உள்ளே ஊர்ந்தது. இவர்களுடைய குறி தைலம்.

தைலம் இருந்த இடங்களில் முக்கியமானது துணையறை. முன்னறைத் தரையைவிட அது ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்வு. கால் வைக்க இடமில்லாமல் பொருள்கள் குவிந்து கிடந்ததால், 1927இல் அதைக் காலிசெய்யத் தொடங்கியபோது கார்ட்டரின் ஆட்கள் கக்கத்தில் கயிறு கட்டித் தொங்கியபடியே முதல் பொருள்களை எடுத்தார்கள். அங்கிருந்த கல் ஜாடிகளில் அநேகமாக எல்லாவற்றின் அடைப்பும் பிடுங்கப்பட்டிருந்தது. ஜாடியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பொந்தில் ஊர முடியாது. தைலத்தைத் தோல்பைகளில் ஊற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். சில ஜாடிகளின் உட்சுவரில், அடியில் தங்கியதை விரல்களால் வழித்தெடுத்த தடங்கள் அப்படியே இருந்தன.

இந்த விரல்தடத்தை வேடிக்கைச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். அதிலிருந்து எவ்வளவு பெறலாம் என்று பாருங்கள். கொழுப்பு இறுகிப்போன பிறகு விரல் பதியாது. ஆக, வழித்தபோது அது இளகியிருந்தது. கெட்டுப்போன தைலத்தை யாரும் விலைகொடுத்து வாங்க மாட்டார்கள். ஆக, திருட்டு அடக்கத்துக்கு வெகுகாலம் கழித்து நடந்திருக்காது. தைலத்தில் மன்னன் பெயர் பொறித்திருக்காது. விற்றபின் அது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்திலிருந்த அழகிய ஜாடியை விட்டுவிட்டு அதன் உள்ளீட்டை மட்டும் எடுத்தார்கள் என்பதிலிருந்து, அன்றைய சந்தையில் எதற்கு மதிப்பு என்பதும் தெரிகிறது. ஓர் ஈரத்துணியால் உட்புறத்தைத் துடைத்திருந்தால் இவற்றில் எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் அடிப்படை இதுதான்: கலைப்பும் ஒரு சான்று. அதைச் சரிசெய்ய முனைவதற்கு முன் படித்துவிட வேண்டும்.

தொடுவதற்கு முன்

மேசையில் தடித்த நுரை விரிப்பு, அதன்மேல் கழுவிய வெள்ளைப் பருத்தித் துணி. ஜாடியை விளிம்பைப் பிடித்தோ கைப்பிடியைப் பிடித்தோ ஒருபோதும் தூக்காதீர்கள். கல் பாத்திரம் பார்ப்பதைவிடக் கனமானது. விளிம்பும் கைப்பிடியும்தான் முன்பே ஒட்டப்பட்டிருக்க வாய்ப்புள்ள இடங்கள். ஒரு கை அடியில், ஒரு கை வயிற்றுப் பகுதியில். சாய்க்க வேண்டாம், கவிழ்க்க வேண்டாம். உள்ளே உதிரியாகக் கிடக்கும் தூளின் இருப்பிடம்கூட ஒரு தகவல்தான்.

நைட்ரைல் கையுறை போடுங்கள். பருத்திக் கையுறை வழுக்கும். வியர்வையையும் தோல் எண்ணெயையும் தடுக்காது. கைக்குப் பூசும் கிரீம், வாசனைத் திரவியம் எதுவும் அன்றைக்கு வேண்டாம். ஜாடியைச் சாதாரண பிளாஸ்டிக் உறையிலோ நெகிழித் தாளிலோ சுற்றக் கூடாது. பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட் என்ற வேதிப்பொருள்கள் எண்ணெய்ப் படிவுகளில் எளிதில் இறங்கிவிடும். பிறகு பகுப்பாய்வில் அவைதான் முதலில் தலைகாட்டும். தேவைப்பட்டால் அலுமினியத் தாளை வாய்க்கு மேலே, உட்புறத்தில் படாதபடி, கவிழ்த்து வையுங்கள்.

முதல் வேலை படம் எடுப்பது. ஆறு பக்கமும், மேலிருந்து உள்நோக்கியும், அளவுகோலும் எண் அட்டையும் தெரியும்படி. துட்டன்காமன் கல்லறையில் கார்ட்டர் 1 முதல் 620 வரை எண்கள் கொடுத்து, ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் துணையெண் வைத்துப் பிரித்தார். ஹாரி பர்ட்டன் அந்த எண் அட்டைகளைப் பொருள்களின்மேல் வைத்து, அவை கிடந்த இடத்திலேயே கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்தார். அந்த அட்டைகளும் படங்களும் ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் நிறுவனத்தில் இருக்கின்றன. எந்த மூடி எந்த ஜாடிக்கு எவ்வளவு தூரத்தில் கிடந்தது என்று இன்றும் பார்க்க முடிவது அதனால்தான். உங்கள் ஜாடிக்கும் இப்படி ஒரு பழைய படம் எங்காவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கண்டெடுத்தபோது முழுதாக இருந்த விளிம்பு இன்று உடைந்திருந்தால், திருடன்மேல் பழி போடுவதற்கில்லை.

கல் எது

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். எகிப்தியப் பாத்திரங்களில் 'அலபாஸ்டர்' என்று பெயர் ஒட்டியவை பெரும்பாலும் ஜிப்சம் அல்ல. பட்டைபட்டையாக வளர்ந்த கால்சைட், அதாவது டிராவர்டைன். அமர்னாவுக்குத் தென்கிழக்கே பாலைவனத்தில் உள்ள ஹட்நூப் இதன் புகழ்பெற்ற சுரங்கம். ஜிப்சத்தை நகத்தாலேயே கீறிவிடலாம்; கால்சைட்டுக்குச் செப்புக்காசு வேண்டும். ஆனால் இரண்டையும் கீறிப் பார்க்காதீர்கள். அமிலத் துளி விடும் சோதனையும் வேண்டாம். பட்டைகள், ஒளி ஊடுருவும் தன்மை, லென்ஸில் தெரியும் படிக அமைப்பு, கையடக்க எக்ஸ்-கதிர் கருவி ஆகியவை போதும். முற்கால வம்சங்களின் ஜாடியென்றால் பிரெச்சியா, டயோரைட், பாசால்ட், கருஞ்சாம்பல் கிரேவாக் எதுவும் வரலாம்.

கல் எதுவென்று தெரிவது ஒரு காரணத்துக்காக முக்கியம். கால்சைட் எண்ணெயைக் குடிக்கும், அமிலத்தில் அரியும், வெப்பத்தில் ஒளியிழந்து சுண்ணாம்புபோல் வெளுக்கும். டயோரைட்டில் இந்தத் தடயங்கள் இவ்வளவு தெளிவாகப் பதியாது. எதைத் தேட வேண்டும் என்பதைக் கல்லே சொல்லிவிடும்.

உடைவுகளின் வரிசை

இப்போது விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வையுங்கள். சாய்வொளியில் ஒவ்வொரு விரிசலும் நிழல் போடும். ஒரு தாளில் ஜாடியின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு உடைவுக்கும் எண் கொடுங்கள்.

விரிசல்கள் சந்திக்கும் இடங்களை முதலில் பாருங்கள். ஒரு விரிசல் இன்னொன்றில் முட்டி நின்றுவிட்டால், நின்றதுதான் பிந்தியது. முன்பே பிளந்திருக்கும் இடத்தைத் தாண்டி விசை போகாது. இந்த ஒரு விதியை வைத்தே, ஒட்டாமல் விடப்பட்ட ஜாடியில் பாதி வரிசையைச் சொல்லிவிடலாம்.

அடுத்தது உடைந்த முகத்தின் நிறம். கால்சைட்டின் புதிய உடைவு கற்கண்டைப்போல் பளிச்சென்று மின்னும். பழைய உடைவு மங்கி மஞ்சளோடியிருக்கும். அதன்மேல் மண்ணோ உப்புப் பூப்போ படிந்திருக்கும். இரண்டும் ஒரே ஜாடியில் இருந்தால் குறைந்தது இரண்டு நிகழ்ச்சிகள். விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் சிப்பி வடிவில் சில்லு பெயர்ந்திருந்து, அதற்கு நேரெதிரே எதுவும் இல்லையென்றால், மூடியை நெம்பித் திறந்திருக்கிறார்கள் என்று எண்ண இடமுண்டு. வயிற்றில் ஒரு புள்ளியிலிருந்து விரிசல்கள் சுற்றிலும் ஓடினால், அங்கே அடி விழுந்திருக்கிறது. பாத்திரம் ஒரே திசையில் அமுங்கி நொறுங்கியிருந்தால் மேலிருந்து பாரம் விழுந்திருக்கிறது. சக்காராவில் ஜோசரின் படிப்பிரமிடுக்குக் கீழே உள்ள சுரங்கங்களில் ஏறத்தாழ 40,000 கல் பாத்திரங்கள் அடுக்கியிருந்தார்கள். அவற்றில் பெரும்பகுதியை நொறுக்கியது கூரைதான்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை மூன்றாவது: கறையும் உடைவும் சந்திக்கும் இடம். எண்ணெய்க் கறை உடைந்த முகத்தின்மேலும் வழிந்து ஊறியிருந்தால், உடைந்தபோது உள்ளே திரவம் இருந்தது. கறை உடைவின் ஓரத்தோடு கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிட்டால், எல்லாம் காய்ந்து இறுகிய பிறகு உடைந்தது. முதல் வகை பெரும்பாலும் அடக்கத்துக்கு அருகான காலத்தைக் காட்டும். இரண்டாவது எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம், சென்ற நூற்றாண்டில் ரயில் பெட்டியிலும்கூட. மண்ணையும் இதே கண்ணோடு பாருங்கள். வெள்ளம் வந்த கல்லறையென்றால் ஜாடியில் நீர்மட்டக் கோடு இருக்கும். அந்தக் கோடு உடைவுகளைத் தாண்டி நேராக ஓடுகிறதா, ஒவ்வொரு துண்டிலும் வெவ்வேறு உயரத்தில் இருக்கிறதா? நேராக ஓடினால், வெள்ளத்தின்போது ஜாடி முழுதாக நின்றிருந்தது.

தீ இன்னொரு சாட்சி. அபிடோஸில் உள்ள முதல் வம்ச அரச கல்லறைகள் பழங்காலத்திலேயே எரிந்தவை. அங்கிருந்து வந்த துண்டுகளில், ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டில் ஒன்று கருகியும் மற்றது பளிச்சென்றும் இருக்கக் காணலாம். அப்படியானால் உடைவு தீக்கு முந்தியது.

அபிடோஸைச் சொன்னதால் ஒரு வார்த்தை. அங்கே 1890களில் தோண்டிய எமில் அமெலினோ, தனக்கு வேண்டாத கல் பாத்திரத் துண்டுகளை நொறுக்கிப் போட்டார் என்பது, அவருக்குப்பின் 1899 முதல் அதே கல்லறைகளை மீண்டும் அகழ்ந்த பிளிண்டர்ஸ் பீட்ரியின் குற்றச்சாட்டு. பீட்ரி எஞ்சிய துண்டுகளைப் பொறுக்கி வரைந்தார். 1977 முதல் ஜெர்மன் தொல்லியல் நிறுவனம் மூன்றாம் முறையாகச் சலித்தது. இப்படி ஒரே பாத்திரத்தின் துண்டுகள் பல நாட்டு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்க முடியும். உங்களிடம் இருக்கும் துண்டின் உடைமுகத்தைத் துல்லியமாக வரைந்து வைத்தால், அதன் மறுபாதி வேறொரு நாட்டில் இருப்பதை யாரோ ஒருவர் கண்டுகொள்வார்.

மூடியும் அடைப்பும்

மூடி கூட வந்திருந்தால் அது இதே ஜாடியின் மூடிதானா என்று முதலில் சந்தேகப்படுங்கள். திருடர்கள் மூடிகளை வீசினார்கள். பின்னால் வந்த அதிகாரிகள் கிடைத்ததைக் கிடைத்ததன்மேல் வைத்தார்கள். அருங்காட்சியகங்கள் அளவு பொருந்துவதை எடுத்துப் பொருத்தின. கல்லின் பட்டைகள் மூடியிலிருந்து கழுத்துக்குத் தொடர்கின்றனவா, அடிப்பக்கத்தின் தேய்மானம் விளிம்பின் தேய்மானத்தோடு ஒத்துப்போகிறதா, பிசின் கறை இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூடி இல்லாவிட்டாலும் அது இருந்ததற்கான அடையாளம் இருக்கும். விளிம்பில் வட்டமாக வெளிறிய பட்டை, கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டிய இடத்தில் தூசி படியாத கோடு, களிமண் முத்திரையின் துணுக்கு, பிசினில் பதிந்த லினன் துணியின் நெசவு. இந்த நெசவுப் பதிவை லென்ஸில் பார்த்து, ஒரு சென்டிமீட்டருக்குக் குறுக்கும் நெடுக்கும் எத்தனை இழை என்று எண்ணி எழுதுங்கள். களிமண் துணுக்கில் நீர் படவே கூடாது.

உள்ளே

முதலில் அறையை இருட்டாக்கி, வெப்பம் தராத சிறு எல்.இ.டி. விளக்கை நூலில் கட்டி ஜாடிக்குள் இறக்குங்கள், சுவரில் படாமல். கால்சைட் ஜாடியென்றால் சுவரே ஒளிரும். எண்ணெய் ஊறிய இடம் பழுப்பாகவும், பழைய ஒட்டுகள் கறுத்த கோடுகளாகவும், பிளாஸ்டர் நிரப்பிய இடம் ஒளியே வராத திட்டாகவும் தெரியும். இந்த ஒரு படம் பல பத்திகளுக்குச் சமம்.

கழுத்து குறுகலாக இருந்தால் நெகிழ்குழாயின் முனையில் பொருத்திய சிறு கேமரா வேண்டும். உள்ளே முதலில் தெரிவது கைவினைஞரின் தடம். மணலைத் தேய்பொருளாக வைத்துச் செப்புக்குழாய்த் துளைப்பானால் நடுவைக் குடைந்து, பிறகு எட்டு வடிவக் கல்லைச் சுழற்றி வயிற்றை அகலப்படுத்துவார்கள். அதனால் சுவர் முழுக்க வட்டக் கீறல்கள் இருக்கும். அவற்றைத் திருடன் சுரண்டிய தடமென்று எண்ணிவிடாதீர்கள். கருவியின் கீறல் அச்சைச் சுற்றிச் சீராக ஓடும். விரலோ கரண்டியோ வழித்தது மேலிருந்து கீழாகவோ சரிவாகவோ, சீரில்லாமல், படிவின்மேல் மட்டும் இருக்கும்.

குழாய்த் துளைப்பான் நின்ற இடத்தில், அடியில் வட்டமாக ஒரு பள்ளம் விடுபட்டிருப்பதுண்டு. அதை மறக்காதீர்கள். சுவரைக் கழுவித் துடைத்த பழைய கைகள் இந்தப் பள்ளத்தை அடைந்திருக்காது. படிவு மிஞ்சியிருந்தால் இங்கேதான் மிஞ்சியிருக்கும்.

படிவின் மேல்மட்டத்தைக் கவனியுங்கள். அது அடிக்கு இணையாக இருந்தால், கடைசியாக இறுகியபோது ஜாடி நிமிர்ந்து நின்றது. சாய்வாக இருந்தால் அந்தக் கோணத்தை அளந்து எழுதுங்கள். ஜாடி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்து கிடந்தது என்பது அதில் இருக்கிறது. இரண்டு மட்டங்கள் இரண்டு கோணங்களில் இருந்தால், ஒருமுறை சாய்ந்து, பிறகு யாரோ நிமிர்த்தியிருக்கிறார்கள். விளிம்புக்கு வெளியே வழிந்த தாரையும் இதே கணக்கில் சேரும்: எந்தப் பக்கமாக ஊற்றினார்கள் என்பதை அது காட்டும். விரல்தடம் இருந்தால் சிலிக்கோன் ரப்பரில் அச்செடுக்க ஆசைப்படாதீர்கள். அதன் எண்ணெய் படிவில் இறங்கிவிடும். பல கோணப் படங்களிலிருந்து முப்பரிமாண உரு எடுத்தால் போதும்.

காலியாக இருப்பதெல்லாம் கொள்ளைபோனதல்ல. எகிப்தியர்கள் கல்லறைக்கென்றே போலிப் பாத்திரங்களைச் செய்தார்கள்: மேலே சிறு குழி மட்டும் தோண்டி விட்டவை, மரத்தில் செய்து கல்லைப்போல் வண்ணம் தீட்டியவை. 1905இல் திறக்கப்பட்ட யூயா, துயா தம்பதியின் கல்லறையில் இப்படிப்பட்டவை உண்டு. உட்புறத்தில் கறையே இல்லை, குடைவும் ஆழமில்லை என்றால் அந்த ஜாடிமேல் எந்தத் திருடனும் கைவைத்திருக்க மாட்டான்.

வாசனையும் மாதிரியும்

துட்டன்காமன் கல்லறைப் பாத்திரம் ஒன்றில் எஞ்சியிருந்த பொருளை 1926இல் சாப்மனும் பிளெண்டர்லீத்தும் ஆராய்ந்தார்கள். கை வெப்பத்திலேயே இளகிய அதில் தேங்காயெண்ணெயை நினைவூட்டும் மணம் இருந்தது. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு விலங்குக் கொழுப்பு, மீதி ஏதோ ஒரு பிசின் என்பது அவர்கள் முடிவு. அன்றைய கருவிகளால் அதற்குமேல் போக முடியவில்லை.

இன்றைக்கு மாதிரி எடுக்கும் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். தொடாமல் அறியக்கூடியதை முதலில் அறியுங்கள். டூரின் எகிப்திய அருங்காட்சியகத்தில், 1906இல் ஸ்கியாபரெல்லி கண்டெடுத்த கா, மெரித் தம்பதியின் கல்லறைப் பாத்திரங்களை அடைத்த பைகளுக்குள் பல நாள் வைத்து, வெளியான ஆவியை மட்டும் உறிஞ்சிப் பகுத்தார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வில் தேன்மெழுகு, உலர்ந்த மீன், பழம் ஆகியவற்றின் சாயல்கள் கிடைத்தன. ஒரு துளி சுரண்டவில்லை. இதற்கான பையும் கருவியும் நிபுணர்களிடம்தான் இருக்கும். உங்களால் முடியாவிட்டால் ஜாடியை அந்தச் சோதனைக்கு ஏற்றதாகவாவது விட்டுவையுங்கள்.

அதன்பிறகே சுரண்டல். கரைப்பானில் கழுவிய ஸ்கால்பெல் முனையால் சில மில்லிகிராம் போதும். சிறு கண்ணாடிக் குப்பியில், பிளாஸ்டிக் மூடி உட்புறம் படாமல். கரைப்பான் தோய்த்த பஞ்சு கடைசி வழி. ஒவ்வொரு மாதிரிக்கும் ஒப்பு மாதிரிகள் வேண்டும்: ஜாடியின் வெளிச்சுவரிலிருந்து ஒன்று, உள்ளே கிடந்த மண்ணிலிருந்து ஒன்று, அதைச் சுற்றியிருந்த பொதிபொருளிலிருந்து ஒன்று. இவை இல்லாத முடிவை நான் நம்புவதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.

ஆய்வகத்தில் வாயு குரோமட்டோகிராஃபி மூலம் பொருளைப் பிரித்து, நிறைமாலைமானியில் ஒவ்வொரு கூறாக அடையாளம் காண்பார்கள். பாமிட்டிக், ஸ்டியரிக் அமிலங்கள் கொழுப்பையோ எண்ணெயையோ காட்டும். டீஹைட்ரோஅபியெட்டிக் அமிலம் ஊசியிலை மரப்பிசினுக்கும், மொரோனிக் அமிலம் பிஸ்டாசியா பிசினுக்கும், பாஸ்வெலிக் அமிலங்கள் குந்திரிக்கத்துக்கும் அடையாளம். ஸ்குவாலீன் மிகுதியாக வந்தால் அது பெரும்பாலும் கையுறை போடாத யாரோ ஒருவருடைய தோல். இன்னொரு பொறியும் உண்டு. கார்ட்டரும் அவருடைய வேதியியலாளர் ஆல்ஃபிரட் லூக்காஸும் பொருள்களைக் காப்பாற்ற உருக்கிய பாரஃபின் மெழுகையும் செல்லுலாய்டுக் கரைசலையும் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். அந்தக் காலத்தில் அது நல்ல வேலைதான். பல பொருள்கள் அதனால்தான் பிழைத்தன. ஆனால் பழைய சேகரிப்பில் உள்ள ஜாடியில் மெழுகு கிடைத்தால் உடனே எகிப்தியத் தேன்மெழுகு என்று எழுதிவிடாதீர்கள். பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து வருவது. தேன்மெழுகில் இருக்கும் எஸ்டர்கள் அதில் இருக்காது.

புற ஊதா விளக்கும் இங்கே உதவும். அரக்கு ஆரஞ்சாக ஒளிரும். நவீனப் பசைகள் பல நீலவெள்ளையாக ஒளிரும். ஆனால் கால்சைட்டும் தானாக ஒளிரக்கூடியது என்பதால் நிறத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

துட்டன்காமன் ஜாடிகள் சிலவற்றிலிருந்த ஒட்டும் பழுப்புப் பொருளை லூக்காஸ் வழக்கமான தைலமாக ஏற்கவில்லை. 2025இல் யேல் பல்கலைக்கழகக் குழு ஒன்று, பாரசீக மன்னன் செர்க்ஸீஸின் பெயர் பொறித்த எகிப்தியக் கால்சைட் பாத்திரத்தில் அபினியின் வேதிச்சுவடுகளைக் கண்டது. துட்டன்காமன் ஜாடிகளிலும் அது இருந்திருக்கலாம் என்று அவர்கள் சொல்வது இப்போதைக்கு ஊகம்தான். இந்த ஊகத்தைச் சோதித்துப் பார்க்க முடியும் என்பதுதான் முக்கியம். நூறாண்டுக்கு முன் அந்த ஜாடிகளைத் தேய்த்துக் கழுவியிருந்தால் அதற்கும் வழியிருந்திருக்காது.

எழுத்து

ஜாடியில் ஒரு மன்னன் பெயர் இருப்பதால் அது அவன் காலக் கல்லறைப் பொருள் என்று ஆகாது. ஜோசரின் பிரமிடில் கிடைத்த பாத்திரங்கள் பலவற்றில் அவனுக்கு முந்தைய முதல், இரண்டாம் வம்ச மன்னர்களின் பெயர்கள் இருக்கின்றன. துட்டன்காமனுடைய ஜாடிகளிலும் மூன்றாம் துத்மோஸ் முதலிய முன்னோர்களின் பெயர்கள் உண்டு. முதல் வம்சத்து அனெட்ஜிபின் பெயரை அவனுக்குப் பின் வந்த செமெர்கெட் கல் பாத்திரங்களில் அழித்தான். ஆகவே வழவழப்பான சுவரில் ஓரிடம் மட்டும் சற்றுக் குழிந்து மங்கியிருந்தால் சாய்வொளியில் நிதானமாகப் பாருங்கள். அதுவும் ஒரு கலைப்பே, கல்லறைக்குப் போவதற்கு முன்பே நடந்தது.

மை எழுத்து பொறிப்பைவிட ஆபத்தில் இருப்பது. தூசியென்று தட்டிவிட்டால் போயிற்று. துட்டன்காமனின் துணையறையில் கிடந்த கால்சைட் ஜாடித் தாங்கி ஒன்றில் ஜெஹுட்டிமோஸ் என்பவர் கிறுக்கிய பெயர் இருக்கிறது. பின்னாளைய மன்னன் ஹோரெம்ஹெப்பின் எட்டாம் ஆட்சியாண்டில் நான்காம் துத்மோஸின் கல்லறையைச் சீர்செய்த கருவூல அதிகாரி மாயாவின் உதவியாளருக்கும் இதே பெயர். கொள்ளைக்குப் பிறகு ஒழுங்குபடுத்த வந்தவர்கள் யார் என்பதற்கு ஒரு தாங்கியின் கிறுக்கல்தான் துப்பு.

கொள்ளளவு பொறித்திருந்தால் அது நல்ல வாய்ப்பு. ஹின் என்ற எகிப்திய அளவு ஏறத்தாழ அரை லிட்டர். ஜாடியின் கொள்ளளவை நீர், அரிசி, தினை எதையும் ஊற்றி அளக்காதீர்கள். உட்புற வரைபடத்திலிருந்து கணக்கிடுங்கள். பொறித்த அளவைவிட இன்றைய அளவு குறைவாக வந்தால், உடைந்த விளிம்பை யாரோ அரத்தால் சமன்செய்து விற்றிருக்கக்கூடும். விளிம்பின் தடிமனும் மெருகும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

வியாபாரிகள் இன்னொன்றும் செய்வார்கள்: வெற்று ஜாடியில் அரசன் பெயரைப் புதிதாக வெட்டுவது. எழுத்தின் பள்ளத்துக்குள் படிவு இருக்கிறதா, எழுத்து பழைய கீறலை வெட்டிக்கொண்டு போகிறதா, கீறல் எழுத்தை வெட்டுகிறதா என்று லென்ஸில் பாருங்கள். மூன்றாம் துத்மோஸின் அயல்நாட்டு மனைவியர் மூவரின் கல்லறைப் பொருள்கள் 1916இல் கொள்ளைபோய்ச் சந்தை வழியாக நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போனவை. அந்தத் தொகுதியில் சந்தேகத்துக்குரியவை கணிசமாகக் கலந்திருப்பதை கிறிஸ்டீன் லிலிக்விஸ்ட் 2003இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார்.

உங்களிடம் வந்த ஜாடிக்கு ஆவண வரலாறே இல்லையென்றால் பரிசோதனையை அங்கேயே நிறுத்துங்கள். எகிப்தின் 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டம் தொல்பொருள் வணிகத்தையும் ஏற்றுமதியையும் தடைசெய்கிறது. அதன் பின் வெளியேறிய பொருளுக்கு நீங்கள் எழுதும் அறிக்கை விற்பனைச் சான்றிதழாக மாறிவிடும்.

அறிக்கை

நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தத் தடயம், அது எந்தப் படத்தில் தெரிகிறது என்று பக்கத்தில் குறியுங்கள். வரிசை தெரியாத இடத்தில் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். 'திருடர்களால் உடைக்கப்பட்டது' என்ற வாக்கியத்தை எழுதத் தோன்றினால், விளிம்பிலா வயிற்றிலா, உள்ளே திரவம் இருந்தபோதா காய்ந்த பிறகா என்ற கேள்விகளுக்குப் பதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

படிவில் பாதியையாவது யாரும் தொடாமல் விட்டுவையுங்கள். மாதிரி எடுத்த இடத்தையும் எடுக்காத இடத்தையும் வரைபடத்தில் வேறு வேறு நிறத்தில் குறித்து, அந்தப் படியை ஜாடியோடேயே பெட்டியில் வைத்துவிடுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் உங்களைவிட நல்ல கருவியோடு வருவார்.